ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன்: தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட், லெனேசியா என்று நம்மவர்கள் இருக்கும் ஊர்களில், நோயாளிக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கு வந்து, அப்பா அம்மாவையும் கூட வைத்திருப்பவர்களுக்கும் இவை பொருந்தும். பதில்களில் இருப்பது தென்னாப்பிரிக்கச் சட்டம். ஊரில் பார்த்துப் பழகியது எல்லாம் இங்கே செல்லாது. விஷயம் வழக்கு வரை போகும் என்று தோன்றினால் வக்கீலைப் பாருங்கள்.

சிஸ்டர் ஒரு படிவத்தை நீட்டி "இங்கே ஒரு ஸைன்" என்கிறார். போட்டுவிடலாமா?

டாக்டர் உங்களிடம் பேசியிருந்து, நீங்கள் கேட்க நினைத்ததைக் கேட்டு, பதிலும் புரிந்திருந்தால் போடலாம். இல்லையென்றால், "டாக்டரிடம் பேசிவிட்டுப் போடுகிறேன்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல, சிகிச்சையை மறுப்பதும் அல்ல.

இங்கே இதற்கான முக்கியமான சட்டம் 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம். விவரம் சொல்லப்பட்ட பிறகு, ஒரு குறிப்பிட்ட சிகிச்சைக்கு, முடிவெடுக்கத் தகுதியுள்ள ஒருவர் கொடுப்பதுதான் சம்மதம் என்று அதன் 7-ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, பேச்சுதான் சம்மதம். காகிதம் அந்தப் பேச்சு நடந்ததற்குச் சாட்சி. பேச்சே நடக்காதபோது அந்தச் சாட்சிக்குப் பெரிய மதிப்பில்லை.

இது புதிதாக வந்த யோசனையும் இல்லை. 1923-இலேயே கேப் நீதிமன்றத்தில், நோயாளியைக் கேட்காமல் அறுவை செய்த ஒரு வழக்கில், மருத்துவமனையில் போய்ப் படுத்துவிட்டதாலேயே ஒருவர் தன் உடம்பை டாக்டரின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார் என்று ஆகாது என்று சொல்லப்பட்டது. புற்றுநோய்க்குத் தேவையான அறுவைதான் அது. ஆனாலும் கேட்டிருக்க வேண்டும் என்பதே நிலை.

படிவத்தில் ஆபரேஷனின் பெயர், இடதா வலதா என்பதெல்லாம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருக்கும் இடத்தின் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் சாட்சியின் முன் கைநாட்டு வைக்கலாம். ஆனால் படிவத்தை முதலில் யாராவது படித்துக் காட்டி விளக்க வேண்டும்.

டாக்டர் என்னென்ன சொல்லியாக வேண்டும்?

அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவில் இருக்கிறது: உங்கள் உடல்நிலை என்ன, என்னென்ன பரிசோதனைகளும் சிகிச்சைகளும் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் நன்மை என்ன, ஆபத்து என்ன, செலவு என்ன, பின்விளைவு என்ன, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, சொன்னால் என்ன ஆகும். பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் நல்ல டாக்டர் இதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

எந்த ஆபத்தைச் சொல்ல வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதில்தான் சிக்கல். லட்சத்தில் ஒருவருக்கு வருவதையெல்லாம் சொல்ல முடியாது. இதற்கு 1994-இல் காஸ்டல் எதிர் டி கிரீஃப் என்ற வழக்கில் கேப் நீதிமன்றம் ஓர் அளவுகோல் வைத்தது. மற்ற டாக்டர்கள் வழக்கமாக என்ன சொல்வார்கள் என்பதை வைத்து அதை முடிவுசெய்யக் கூடாது. இந்த நோயாளியின் இடத்தில் இருக்கும் நியாயமான ஒருவர் எதைப் பெரிதாக நினைப்பாரோ அதைச் சொல்ல வேண்டும். இன்ன விஷயம் இந்த ஆளுக்கு முக்கியம் என்று டாக்டருக்குத் தெரிந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

இதனால் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கோயிலில் தேவாரம் பாடுகிறவருக்குத் தைராய்டு ஆபரேஷன் என்றால், குரல் கம்மிப் போகும் வாய்ப்பு சின்னதாக இருந்தாலும் அவருக்கு அது பெரிய விஷயம். "நான் பாடுகிறவன்" என்று அவர் வாய் திறந்து சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும். மிருதங்கம் வாசிக்கும் கை, தைப்பூசத்துக்குக் காவடி தூக்கும் தோள், தையல் வேலை செய்யும் கண், எதுவானாலும் சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வரும். டாக்டர் ஆங்கிலத்தில் பேசுகிறார், சிஸ்டர்கள் ஸூலுவில் பேசிக்கொள்கிறார்கள். என்ன செய்வது?

முடிந்தவரை நோயாளிக்குப் புரியும் மொழியில், அவருடைய எழுத்தறிவுக்கு ஏற்றபடி சொல்ல வேண்டும் என்பது சட்டத்தில் உள்ள கடமை. "முடிந்தவரை" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். தமிழ் இங்கே ஆட்சி மொழி அல்ல. அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவு தமிழையும் தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது போன்றவற்றையும் பெயர் சொல்லி, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. மரியாதை இருக்கிறது, ஆனால் வார்டில் மொழிபெயர்ப்பாளர் காத்திருக்க மாட்டார். 1860-இல் நேட்டாலுக்குக் கப்பலில் வந்தவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் பலரிடம் இப்போது தமிழ் கோயில் பாட்டாக மட்டும்தான் இருக்கிறது. தமிழ்ப் பெயருள்ள டாக்டருக்கே தமிழ் தெரியாமல் இருக்கும்.

அதனால் நடைமுறையில் மொழிபெயர்ப்பது வீட்டு ஆள்தான். அதில் சில ஆபத்துகள் உண்டு. மகன் தனக்குச் சங்கடமானதை விழுங்கிவிடுவார். மருமகள் மாமியாரிடம் கர்ப்பப்பை பற்றிச் சொல்லக் கூச்சப்படுவார். டாக்டர் ஐந்து நிமிடம் பேசியதை "ஒண்ணுமில்லம்மா, சின்ன ஆபரேஷன்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. பத்து வயதுப் பேத்தியை இதற்கு உட்கார வைப்பது எனக்கு நியாயமாகவே படவில்லை.

குடும்பத்துக்கு வெளியே தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த ஒருவரை, அம்மாவுக்குச் சம்மதமானவரை, முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். கோயிலிலோ தமிழ்ச் சங்கத்திலோ விசாரித்தால் யாராவது கிடைப்பார்கள். நேரில் வர முடியாவிட்டால் போனில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசலாம். டாக்டர் சொல்வதை வாக்கியம் வாக்கியமாக நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள். முடிவில் அம்மாவிடம், "உங்களுக்கு என்ன செய்யப் போகிறார்கள், நீங்களே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னால் புரிந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் நம் பெரியவர்கள் டாக்டருக்கு மரியாதை கொடுத்துத் தலையாட்டுவார்கள். அதை நம்ப வேண்டாம்.

அப்பாவுக்குக் கேன்சர். அவரிடம் சொல்லாமல் எங்களிடம் மட்டும் சொல்லச் சொன்னால் டாக்டர் கேட்பாரா?

அதிகம் வரும் கேள்வி இது. கேட்பவர்கள் எல்லாரும் பாசத்தில்தான் கேட்கிறார்கள். "தெரிந்தால் அன்றைக்கே உடைந்துவிடுவார்" என்பார்கள்.

சட்டம் இதில் பிள்ளைகள் பக்கம் இல்லை. தகவல் அப்பாவுடையது. தேசிய சுகாதாரச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி அவர் எழுத்தில் சம்மதிக்காமல் உங்களிடம் சொல்வதற்கே டாக்டருக்குத் தடை இருக்கிறது. நாம் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நோயாளிக்கே தீங்காகும் என்பதற்கு வலுவான ஆதாரம் இருந்தால் உடல்நிலையைச் சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் அதை முடிவுசெய்வது டாக்டர். மனம் கஷ்டப்படும் என்பது மட்டும் அதற்குப் போதாது. கேன்சர் என்று கேட்டால் யாருக்குத்தான் கஷ்டமாக இருக்காது?

நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. என்ன நோய் என்றே தெரியாதவர் கீமோவுக்கு எப்படிச் சம்மதம் கொடுப்பார்? முடி கொட்டும்போது என்ன சொல்வீர்கள்? வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரரே சொல்லிவிடுவார். பல வீடுகளில் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும், பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும், ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டு, வீடு யார் பேரில், யாரைப் பார்க்க ஆசை என்று பேச வேண்டிய மாதங்களை வீணாக்கிக்கொண்டிருப்பார்கள்.

அதே சமயம், தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்று சொல்லவும் ஒருவருக்கு உரிமை உண்டு. "எனக்கு விவரம் வேண்டாம், பெரியவனிடம் சொல்லுங்கள், அவன் முடிவெடுக்கட்டும்" என்று அப்பாவே சொன்னால் அது அவருடைய முடிவு. அதனால் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே டாக்டர் அவரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: "முடிவு வந்ததும் உங்களிடம் நேராகச் சொல்லவா, பிள்ளைகளோடு சேர்த்துச் சொல்லவா, அவர்களிடம் மட்டும் சொல்லவா?" இப்படிக் கேட்கும்படி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா சொல்லும் பதிலைக் கோப்பில் எழுதிவைத்து, அதில் அவர் கையெழுத்தையும் வாங்கிவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

நோயாளி நினைவில்லாமல் இருந்தால் யார் கையெழுத்துப் போடுவது? மூத்த மகன்தானே?

இல்லை. முதலில், நோயாளி எழுத்தில் நியமித்த ஆள். அடுத்து, சட்டமோ நீதிமன்றமோ அதிகாரம் கொடுத்தவர். இவர்கள் யாரும் இல்லையென்றால் கணவன் அல்லது மனைவி அல்லது வாழ்க்கைத் துணை, பிறகு பெற்றோர், தாத்தா பாட்டி, வயது வந்த பிள்ளைகள், கடைசியாக உடன்பிறந்தவர்கள். இந்த வரிசையில்தான் போக வேண்டும்.

அப்பா மயங்கிக் கிடக்கும்போது முடிவு அம்மாவுடையது. அண்ணன் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து போனில் சத்தம் போட்டாலும் அதுதான். பிள்ளைகளுக்குள் மூத்தவர், ஆண் என்ற முன்னுரிமையும் கிடையாது. கோயிலில் மட்டும் நடந்த கல்யாணம், பதிவு இல்லை என்றாலும் துணைவி என்ற முறையில் அம்மாவுக்கு இடம் உண்டு.

பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்திருக்கிறோம். அது போதுமா?

இங்கே பலர் ஏமாறும் இடம் இது. தென்னாப்பிரிக்காவில் சாதாரண பவர் ஆஃப் அட்டர்னி, எழுதிக் கொடுத்தவர் சுயமாக முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போனதும் செல்லாமல் போய்விடும். ஞாபக மறதி நோய் முற்றும்போது, அதாவது உண்மையில் தேவைப்படும்போது, அது கையில் இருந்தும் பயன்படாது. மருத்துவ முடிவுகளுக்கென்று தனியாக, தேசிய சுகாதாரச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி இன்னார் என் சார்பில் சம்மதம் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைப்பது வேறு விஷயம். அதைச் செய்து வையுங்கள்.

கடைசிக் காலத்தில் குழாய், மெஷின் எல்லாம் வேண்டாம் என்று எழுதிவைப்பதற்குத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் அதற்கு மதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1992-இல் டர்பன் நீதிமன்றத்தில் வந்த கிளார்க் எதிர் ஹர்ஸ்ட் வழக்கில், ஆண்டுக்கணக்கில் நினைவு திரும்பாமல் கிடந்த ஒருவருக்குக் குழாய் வழி உணவை நிறுத்த அனுமதி கேட்டு அவர் மனைவி போனார். அனுமதி கிடைத்தது. அந்த மனிதர் முன்பே தன் விருப்பத்தை எழுதிவைத்திருந்தார்.

விபத்து. யாரையும் கேட்க நேரமில்லை. அப்போது?

தாமதித்தால் உயிர் போகும் அல்லது சரிசெய்ய முடியாத சேதம் ஆகும் என்றால் டாக்டர் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நோயாளி ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாது. பணமில்லை, மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இல்லை என்பதற்காக அவசரச் சிகிச்சையை எந்த மருத்துவமனையும் மறுக்கவும் கூடாது. அரசியல் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அது.

கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால்?

மயக்க ஊசி போடும் நிமிடம் வரை வேண்டாம் என்று சொல்லலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பின்விளைவு என்ன என்பதை டாக்டர் விளக்குவார், மறுப்புப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார். அதைப் போட்டுக் கொடுப்பது உங்கள் கடமை என்று சட்டமே சொல்கிறது. போட்டுவிட்டதால் நாளைக்குத் திரும்பி வரக் கூடாது என்று அர்த்தமில்லை.

தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் காரணத்தைக் கேளுங்கள். அறுவையின்போது ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் சுட்டுவிடும் அபாயம் உண்டு. கை வீங்கினால் வளையலும் மோதிரமும் இறுக்கும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் போகவே கூடாது. தங்கச் சங்கிலியைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு போவது நம் பெண்கள் வழக்கமாகச் செய்வதுதான். அறுவை கழுத்திலோ மார்பிலோ இல்லையென்றால் அதைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட முடியுமா என்று முந்தின நாளே தியேட்டர் சிஸ்டரிடம் கேளுங்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்த பிறகு இதைப் பேசினால் எல்லாருக்கும் பதற்றம்.

கூடவே இன்னொன்று. வீட்டில் குடிக்கும் கஷாயம், நாட்டு மருந்து, கடையில் வாங்கும் மூலிகை மாத்திரை எதுவாக இருந்தாலும் மயக்க டாக்டரிடம் மறைக்காதீர்கள். சிலது ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும்.

என் மகளுக்கு 13 வயது. என்னைக் கேட்காமல் சிகிச்சை கொடுப்பார்களா?

கொடுக்கலாம். 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி 12 வயது தாண்டி, விஷயத்தைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சியும் இருந்தால் பிள்ளையே மருத்துவச் சிகிச்சைக்குச் சம்மதம் கொடுக்கலாம். அறுவை என்றால் பிள்ளையின் சம்மதத்தோடு பெற்றோரின் துணையும் வேண்டும். கருத்தடைச் சாதனம் 12 வயதிலிருந்து கேட்கலாம். எச்.ஐ.வி. பரிசோதனையும் அப்படியே.

கருக்கலைப்புக்கு வயது வரம்பே இல்லை. 1996-இன் சட்டப்படி, பெற்றோரிடம் பேசும்படி அந்தப் பெண்ணுக்கு ஆலோசனை சொல்வார்கள். அவள் மறுத்தாலும் சிகிச்சையை மறுக்க முடியாது. இதைக் கேட்டால் நம் பெற்றோர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும். ஆனால் ரகசியமாகச் சாலையோர விளம்பரத்தைப் பார்த்துப் போய் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மத நம்பிக்கையை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையின் சிகிச்சையைப் பெற்றோர் தடுக்கவும் முடியாது. மருத்துவம் ஏற்கும் மாற்று வழி இருப்பதை அவர்கள் காட்ட வேண்டும்.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குக் கணவர் கையெழுத்து வேண்டுமா?

வேண்டாம். 18 வயதான, முடிவெடுக்கத் தகுதியுள்ள எவரும் தானே சம்மதிக்கலாம் என்கிறது 1998-இன் சட்டம். எதிர்ப்பக்கமும் முக்கியம்: பிரசவ வலியில் இருக்கும்போது படிவத்தை நீட்டினால் போடாதீர்கள். எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 48 பேர், தங்களுக்குத் தெரியாமலோ வற்புறுத்தியோ கருத்தடை அறுவை செய்யப்பட்டதாகக் கொடுத்த புகாரைப் பாலினச் சமத்துவ ஆணையம் விசாரித்து 2020-இல் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் பலர் சிசேரியனுக்குப் போனபோதுதான் கையெழுத்துப் போட்டவர்கள்.

எனக்கு இந்தச் சிகிச்சைதான் வேண்டும் என்று கேட்டுப் பெற முடியுமா?

மறுக்கும் உரிமை அளவுக்குக் கேட்டுப் பெறும் உரிமைக்கு பலம் இல்லை. இதைச் சொன்ன வழக்கும் டர்பனில்தான் தொடங்கியது. 41 வயதான தியாகராஜ் சுப்பிரமணி என்பவருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. சர்க்கரை நோயும் இதய நோயும் வேறு. அடிங்டன் மருத்துவமனையில் இருந்த டயாலிசிஸ் மெஷின்கள் போதாததால், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கு முதலிடம் என்று விதி வைத்திருந்தார்கள். அதில் அவர் வரவில்லை. அவசரச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்ற 27-ஆம் பிரிவைக் காட்டி வழக்குப் போட்டார். 1997 நவம்பரில் அரசியல் சட்ட நீதிமன்றம் மறுத்துவிட்டது: இது திடீரென வந்த அவசரம் அல்ல, நீண்ட நாள் நோய், இருக்கும் வசதியைப் பங்கிடுவதில் மருத்துவமனை நியாயமாக நடந்திருக்கிறது என்றது. தீர்ப்புக்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. சட்டமாகப் பார்த்தால் புரிகிறது, மனசுக்கு ஒப்பவில்லை.

செலவைப் பற்றிக் கேட்டால் கேவலமாக நினைக்க மாட்டார்களா?

செலவும் டாக்டர் சொல்ல வேண்டியவற்றில் ஒன்று. தனியார் மருத்துவமனையில் அறுவை டாக்டருக்கு ஒரு பில், மயக்க டாக்டருக்கு ஒரு பில், மருத்துவமனைக்கு ஒரு பில் என்று தனித்தனியாக வரும். மெடிக்கல் எய்ட் கொடுப்பது போக மிச்சம் உங்கள் தலையில். மயக்க டாக்டரின் கட்டணத்தைத் தனியாகக் கேளுங்கள், பலர் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

மனநலச் சிகிச்சைக்குத் தம்பி வர மறுக்கிறான். கட்டாயமாகச் சேர்க்கலாமா?

தனக்கோ மற்றவர்களுக்கோ பெரிய தீங்கு செய்துகொள்ளக் கூடும் என்ற நிலையில், 2002-இன் மனநலச் சட்டப்படி குடும்பத்தார் விண்ணப்பம் கொடுக்கலாம். விண்ணப்பிக்கிறவர் அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் அவரை நேரில் பார்த்திருக்க வேண்டும். மனநலச் சிகிச்சையாளர்கள் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து, 72 மணி நேரம் வைத்துக் கவனித்து, பிறகுதான் மேற்கொண்டு முடிவு. குடும்பச் சண்டையைத் தீர்க்க இது வழியல்ல.

இறந்த பிறகு உடலை அறுப்பார்களா? அன்றைக்கே தகனம் செய்ய வேண்டுமே.

நோயில் இயற்கையாக இறந்தவர் என்றால் காரணம் அறிய அறுக்கக் குடும்பத்தின் சம்மதம் கேட்பார்கள். மறுக்கலாம். விபத்து, கொலை, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் சம்மதம் கேட்க மாட்டார்கள். அது 1959-இன் மரண விசாரணைச் சட்டப்படி போலீஸ் வழியாக நடக்கும். தடுக்க முடியாது. ஆனால் சடங்குக்காக விரைவாக முடித்துத் தரும்படி பிணவறையில் கேட்கலாம். அடக்க ஏற்பாட்டாளரையும் உடனே அழைத்துவிடுங்கள், காகித வேலை அவர்களுக்குப் பழக்கம். இறந்தவர் கண்ணைத் தானம் செய்வதாகச் சொல்லியிருந்தால் தகனத்துக்கு நேரம் குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையில் தெரிவிக்க வேண்டும். சில மணி நேரம்தான் இருக்கும்.

சம்மதம் இல்லாமல் ஏதோ செய்துவிட்டார்கள் என்று நினைக்கிறோம். யாரிடம் போவது?

முதலில் அந்த மருத்துவமனையின் நிர்வாகியிடம் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கோப்பின் நகலையும் அப்போதே எழுத்தில் கேளுங்கள். டாக்டரின் நடத்தை என்றால் தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் தொழில் மன்றம், நர்ஸ் என்றால் நர்சிங் மன்றம், மருத்துவமனையின் தரம் என்றால் சுகாதாரக் குறைதீர்ப்பாளர். நஷ்ட ஈடு வேண்டுமென்றால் நீதிமன்றம். அதற்குக் காலக்கெடு உண்டு, அரசு மருத்துவமனை என்றால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதனால் மற்ற புகார்களின் பதிலுக்குக் காத்திருக்காமல் வக்கீலை முதல் மாதத்திலேயே பாருங்கள்.